வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஆன செலவு

பரீட்சை முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கியபோது நான் கேட்டுக்கு எதிரே ஒரு புளிய மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் தூக்கு. தூக்கில் தயிர்சாதம், ஓரத்தில் நாரத்தங்காய் ஊறுகாய். காலையில் கட்டிக்கொண்டு வந்தது, அந்த வெயிலுக்கு மூடியைத் திறக்காமலேயே புளிப்பு வாசனை அடித்தது.

வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள். மீசை வைத்தவர்கள் இருந்தார்கள். வாசலில் காத்திருந்த மாமியாரிடமிருந்து கைக்குழந்தையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். எட்டாவது பாஸ் என்று ஒரு சான்றிதழ் இருந்தால் பியூன் வேலைக்காவது எழுதிப் போடலாம் என்று, பள்ளிக்கூடம் போகாமல் தனியாகப் படித்துப் பரீட்சை எழுத வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே, இரட்டைப் பின்னலும் நீலப் பாவாடையுமாக, பதிமூன்று வயது வசந்தா வந்தாள். என் தங்கை.

முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கேன்க்கா. பதினோரு பக்கம்."

"எத்தன கேள்வி?"

"ஒண்ணு."

விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் விளையாடவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதியிருந்தாள். மழை எப்படிப் பெய்கிறது என்ற கேள்வி. கடல், சூரியன், நீராவி, மேகம் எல்லாம் படமாகப் போட்டு, நடுவில் எங்கள் மலையையும் வரைந்து, மேகம் மலையில் வந்து முட்டுவது வரைக்கும் விளக்கியிருக்கிறாள்.

"மீதிய நாளைக்கு எழுதலாம்னு வெச்சேன். மணி அடிச்சதும் பேப்பர வாங்கிட்டாங்கக்கா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் முதல் சந்தேகம் வந்தது.

தவறு அவளுடையதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் பாடம் நடந்தது. மணி என்று ஒன்று அடிக்கும், அடித்தால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்பதை அவளுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக் கொடுத்த நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போனில் வந்த கேள்வி

இந்த வாரம் வேறு ஒரு விஷயத்தை எழுதுவதாக இருந்தேன். வசந்தாவின் மகள் கவிதா போன் செய்து என்னை இதில் இழுத்து விட்டாள்.

கவிதா சென்னையில் இருக்கிறாள். மகனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கு அனுப்பப் போவதில்லையாம், வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறார்களாம். அங்கே பள்ளிகள் கேட்கும் பணத்தையும் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஆகும் செலவையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடுதான் கம்மியாக வருகிறது என்றாள்.

"பெரிம்மா, அம்மாவ நீங்கள்லாம் வீட்லயே வெச்சுத்தானே படிக்க வெச்சீங்க? அப்போ எவ்ளோ செலவாச்சு?"

எனக்குக் கணக்கெல்லாம் வராதம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது பொய். கணக்கில் நான் எப்போதும் நல்ல மார்க் வாங்கியவள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று தோன்றியது. இப்போது எழுதும்போதே அலுப்பாகத்தான் இருக்கிறது.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். அவர் இந்த வாரத்தைப் படித்துவிட்டு என்ன சொல்வாரோ தெரியாது. என் அப்பா நல்லவர். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாராவது இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

மூணாம் நம்பர் ரூம்

எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். நெல்லும் மல்லாட்டையும். வேர்க்கடலையைத்தான் எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம். மூன்று வருஷம் மழை பொய்த்ததும் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீடு வாங்கினார். பின்பக்கம் வரிசையாக மூன்று ரூம் கட்டி, வந்து தங்குபவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

மூன்றாம் ரூமில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து தங்கினார். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மேரியம்மா என்று நாங்களாக ஒரு பெயர் வைத்தோம், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அவருக்கு ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் வேப்ப மரத்தடியில் பாயை விரித்து அம்மாவும் பிள்ளைகளுமாக உட்காருவார்கள். சில நாள் புத்தகம். சில நாள் எறும்பு வரிசையை மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அம்மாள் ஒரு தடவைகூடக் கையை ஓங்கி நாங்கள் பார்க்கவில்லை.

அப்பா இதைத் தினமும் பார்த்தார். அப்பாவுக்கு இடது காது கேட்காது. அவர் அஞ்சாவது படிக்கும்போது வாத்தியார் விட்ட அறை. அதோடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் முடிந்துபோயிற்று. அடிக்காமல் பாடம் சொல்லித் தர முடியும் என்பதை அவர் நாற்பது வயதுக்கு மேல் தன் வீட்டு வேப்ப மரத்தடியில்தான் பார்த்தார்.

அதே சமயத்தில்தான் வசந்தா அடிபட்டு வந்தாள். அவள் அப்போது அஞ்சாவது. நான் எட்டாவது. பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், பெயர் எதற்கு இப்போது. வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு டீச்சர் ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் அடித்திருக்கிறார். நாலு விரலும் வீங்கியிருந்தன. இரண்டு நாள் காய்ச்சல். வசந்தா யாரோடும் பேசவில்லை, தண்ணீர் வேண்டும் என்றுகூட ஜாடையில்தான் கேட்டாள்.

மூன்றாம் நாள் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு, "இனிமே எம் பொண்ணு இங்க வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள் என்று அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதம் எனக்கெதற்கு என்று வந்துவிட்டார். அது அப்பாவுடைய கோபம். கோபத்தில் செய்யும் காரியத்துக்கு யாரோ ஒருவர் பின்னால் நடந்து நடந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் மேரியம்மாவோடு ஒரு பேச்சு நடந்தது. அவர் வசந்தாவையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்வது, நாங்கள் ரூமுக்கு வாடகை வாங்காமல் இருப்பது. அப்பாவுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு இல்லை.

"பள்ளிக்கூடத்துல சம்பளம் கெடையாது. புஸ்தகம் வாங்கினா போதும். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரூமே போச்சு" என்று அம்மா அடுப்படியில் என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மெட்ராஸிலிருந்து வழக்கமாக வரும் குடும்பம் வந்து நின்றது. பத்து நாளைக்கு அவர்கள் கொடுக்கும் வாடகை எங்களுக்கு இரண்டு மூன்று மாசத்துக்குக் காணும். ரூம் இல்லை என்று அம்மாதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

மேரியம்மா ஏழெட்டு மாசம் இருந்தார். வசந்தா அதற்குள் இங்கிலீஷில் பேசப் பழகிவிட்டாள். எறும்புக்கு எத்தனை கால், வேப்பிலை எந்த மாசம் உதிரும் எல்லாம் அவளுக்குத் தெரியும். படம் பிரமாதமாகப் போடுவாள். வகுத்தல் வராது. தமிழில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் நாலு பிழை.

பிறகு மேரியம்மாவின் விசா முடிந்தது. போகும்போது அவர் அழுதார், வசந்தா அழுதாள், அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் அன்றைக்கே மூணாம் ரூமைக் கழுவிவிட்டாள்.

வசந்தாவைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். சான்றிதழ் இல்லை. அதைக் கேட்டு வாங்க அந்தப் பள்ளி வாசலை மிதிக்க அப்பா தயாராக இல்லை. நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒரு நாளைக்கு ஒரே கேள்வி. காலையில் ஆரம்பித்தால் அது முழுசாகப் புரிகிற வரைக்கும் அதேதான். அவசரம் கூடாது. இன்றைக்கு முடியவில்லை என்றால் நாளைக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புரிவதற்கு முன்பே மணி அடித்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள், அதுதான் பெரிய குற்றம் என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பாதி தாண்டியதும் அப்பாவுக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று. ஒரு நாள் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பின்னத்தைப் பின்னத்தால் எப்படி வகுப்பது என்று அப்பா என்னிடம் கேட்டார். வசந்தாவுக்குச் சொல்லிக் கொடு என்று பாயை என் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்தவள்தான் நான். எழுந்திருக்க மூணு வருஷம் ஆனது.

நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் கீழ்வகுப்புகளுக்கு ஓடுவேன். கரும்பலகையில் அழிக்காமல் விட்டிருப்பதை வசந்தாவுக்காகக் காப்பி அடித்துக்கொள்வேன். எனக்குத் தெரியாததை அந்த வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அவளுக்கு நடத்துவேன். ஒரு நாளில் இரண்டு பள்ளிக்கூடம். ஒன்றில் மாணவி, இன்னொன்றில் டீச்சர்.

அரசாங்கம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து நான் பாடத்தைச் சுமந்துகொண்டு வந்தால்தான் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் நடக்கும் என்ற நிலைமை. இது வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பொண்ணு பள்ளிக்கூடமே போகாமல் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொல்வார்.

உள்ளேன் டீச்சர்

வசந்தாவுக்கு இதெல்லாம் சுகமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மூணாம் ரூம் காலியாக இருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வசந்தா தனியாக நின்று, கையில் ஒரு பழைய நோட்டை வைத்துக்கொண்டு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சாவதில் தன்னோடு படித்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் குரலில் அவளே "உள்ளேன் டீச்சர்" என்பாள். ஒருத்திக்குக் கீச்சுக் குரல், ஒருத்திக்குத் தொண்டை கட்டிய குரல். முப்பது பேருக்குக் குறையாது. வரிசை அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. கடைசியில் தன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நின்றாள்.

நான் சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவர் மனசு உடைந்துபோகும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாருமே மற்றவர் மனசு உடையக் கூடாது என்று எதையாவது மறைத்துக்கொண்டே இருந்தோம்.

கார்டு

அம்மாதான் எட்டாவது தனித்தேர்வைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். நாளைக்கு இவளுக்குக் கையில் ஒரு காகிதம் வேண்டுமே என்றாள். அதில் பாஸ் பண்ணினால் ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்வார்கள். அப்பாவும் ஒத்துக்கொண்டார். அந்த வருஷமே நானும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். ஒரே வீட்டில் இரண்டு பரீட்சை. ஒன்றில் பதினோரு பக்கம் மழை.

மற்றப் பரீட்சைகளுக்கு முன்னால் அவளை உட்கார வைத்து எல்லாக் கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சம் எழுது என்று தொண்டை வறளச் சொல்லி அனுப்பினேன். சரி என்று தலையாட்டினாள். உள்ளே போனால் கை கேட்கவில்லை. ஒரு கேள்வியைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போக அவளால் முடியவில்லை. கணக்கில் மூன்று கேள்வி, தமிழில் இரண்டு. அவ்வளவுதான் எழுதினாள். தோற்றுப்போனாள்.

நான் நல்ல மார்க்கோடு பாஸ் பண்ணினேன். எனக்கு டீச்சர் ஆக வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. வேலூர்ப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தேன். நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. மஞ்சள் நிற போஸ்ட் கார்டு. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன், இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வசந்தாவின் ரிசல்ட் வந்ததும் அதே வாரம்தான். ஆறு மாசம் கழித்து மறுபடியும் எழுதலாம் என்றார்கள். அவள் மூணாம் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா என்னை வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"நீ போயிட்டா அவளுக்கு யாரும்மா இருக்காங்க? ஒரே ஒரு வருஷம். அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போயி சேக்கறேன்."

அவர் கட்டளையிடவில்லை. கெஞ்சினார். கட்டளையிட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அம்மா வாசல்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அம்மா மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கிற வருத்தம் அந்த ஒன்றுதான்.

சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தட்டும் கரண்டியும்

வசந்தாவுக்குப் பாடம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். தெரியாதது பள்ளிக்கூடம். நாற்பது பேருக்கு நடுவே உட்காருவது, பக்கத்தில் இருப்பவன் இருமினால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, மணி அடித்தால் பேனாவைக் கீழே வைப்பது. அதை ஒருத்திக்கு ஒருத்தியாகச் சொல்லித் தர முடியாது.

அதனால் ஆள் பிடித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அடி அண்ணாமலையிலிருந்து பூ விற்க வரும் ஒரு அம்மாளின் மூன்று பெண்கள், இன்னும் நாலைந்து பேர். சாயங்காலம் இலவச டியூஷன் என்றதும் வந்துவிட்டார்கள். மூணாம் ரூமில் வரிசையாக உட்கார வைத்தேன். மணிக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடிப்பேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு அடி. அடித்தால் அடுத்த கேள்வி. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நிறுத்திய பெண்ணுக்காக, வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டினேன். அந்த ரூமுக்கு அப்போதும் வாடகை வரவில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வசந்தாவுக்குத் தண்டனை. தட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். ஒரு நாள் மணி அடித்த பிறகும் பேனாவை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தாள். வை என்றேன். இன்னும் ரெண்டு வரிதான் என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. என் கையில் ஸ்கேல் இருந்தது. அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

நிமிர்ந்தபோது வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். திரும்பி ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். அன்றைக்கும் எல்லாரும் வழக்கம்போலச் சாப்பிட்டோம்.

வசந்தா அதற்குப் பிறகு மணி அடித்ததும் பேனாவை வைத்தாள். அடித்ததால்தான் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்காவிட்டாலும் இன்னும் ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. அந்த மஞ்சள் கார்டில் போட்டிருந்த நேர்காணல் தேதி, நான் அவளை அடித்ததற்கு முந்தின நாளோடு தாண்டிப்போயிருந்தது.

இரண்டாவது தடவை எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினாள். பாஸ்.

அடுத்த வருஷம்

அடுத்த வருஷம் வந்தது. வராமல் எங்கே போகும்?

வசந்தா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தாள். எனக்கு அதற்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல இடம், விட்டால் கிடைக்காது என்றார்கள். அப்பா என்னிடம் பயிற்சிப் பள்ளிப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்ததில் என் வாயும் கொஞ்சம் உட்கார்ந்துபோயிருந்தது.

என் கணவர் நல்ல மாதிரி. படிக்கிறதென்றால் படி என்றுகூடச் சொன்னார். அவர் சொன்னபோது என் இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

வசந்தா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். நானும் போயிருந்தேன், வழியில் சாப்பிடக் கடலை உருண்டை செய்து கொடுத்தேன். பொறாமையாக இருந்ததா என்றால், ஆமாம், இருந்தது. பஸ் திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் என்ன செய்வாள் பாவம், அவள் என்னிடம் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

மாலாவுக்கு ஐந்து வயது

சில வருஷம் கழித்துத் திருவண்ணாமலையிலேயே கடை போடலாம் என்று என் கணவர் முடிவு செய்ததில், நாங்கள் அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்கே குடி வந்தோம். என் மூத்த பெண் மாலாவுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. அவளைப் பள்ளியில் சேர்த்தேனா இல்லையா என்று நீங்கள் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சேர்த்துவிட்டேன், நகராட்சிப் பள்ளியில். ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத வேண்டும்.

அப்பா வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செம்மண். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கேட்கிற காது என் பக்கமாக இருந்தது. மாலா ரூம் வாசலில் கோடு கிழித்துத் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தைய பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு என்னம்மா அவசரம்? நீதான் இருக்கியே. வசந்தாவுக்கு நீ சொல்லிக் குடுத்த மாதிரி எவன் சொல்லிக் குடுப்பான்? அடி ஒதை இல்லாம வளரட்டும்."

அவர் என்னைப் பாராட்டித்தான் சொன்னார். அத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன பெரிய பாராட்டு அதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பு இருந்தால்தானே. உரித்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கும் அடி விழுந்துச்சுப்பா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். எங்கே என்று கேட்டார்.

"ஸ்கூல்லதான். ஒம்பதாவதுலேர்ந்து. வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ. வீட்டுப்பாடம் எழுதலன்னு."

"நீ எழுதாம போற பொண்ணு இல்லியேம்மா."

"எழுத நேரம் ஏதுப்பா? சாயந்தரம் பூரா வசந்தாவுக்கு சொல்லிக் குடுத்துட்டிருந்தேன்."

மாலா ஒற்றைக் காலில் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அப்பா, ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார்.

"சொன்னா என்னையும் நிறுத்திடுவீங்க. அப்புறம் அவளுக்கு பாடம் யாரு கொண்டாருவாங்க?"

அப்பா கட்டிலை விட்டு இறங்கி வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். என் வலது கையைப் பிடித்தார். ஒட்டியிருந்த செம்மண்ணைத் தன் துண்டால் துடைத்தார். உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அங்கே என்ன இருக்கப் போகிறது? ஒன்றும் இல்லப்பா, விடுங்க என்றேன். அவர் விடவில்லை.

பார்த்து முடித்துவிட்டு, இன்னொரு கையையும் கேட்டார்.